இரண்டு கார்புரேட்டர், ஒரே மூச்சு

எண்பதுகளில் நம் நாட்டுச் சாலைகளில் ஓடிய மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே சிலிண்டர், ஒரே கார்புரேட்டர். புல்லட்டுக்கும் அப்படித்தான். ராஜ்தூத் 175-க்கும் அப்படித்தான். 1985-ல் வந்த யமஹா ஆர்.எக்ஸ். 100, ஹீரோ ஹோண்டா சி.டி. 100 இரண்டுக்கும் அப்படித்தான். ஒரு கார்புரேட்டர் என்றால் தெருமுனை மெக்கானிக்கே ஸ்க்ரூ டிரைவரால் இப்படி ஒரு திருகு, அப்படி ஒரு திருகு திருகி, காதால் கேட்டுச் சரி செய்துவிடுவார். இரண்டு என்றால் கதை வேறு. நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகளில் ஒன்று முந்தி இழுத்து மற்றது பின்வாங்கினால் வண்டி எப்படிப் போகும்? கோணிக்கொண்டு போகும். முந்தி இழுக்கிற மாடு சீக்கிரம் களைத்தும் போகும்.

அப்படி இரண்டு கார்புரேட்டரோடு வந்தது ராஜ்தூத் 350. ஜப்பான் யமஹாவின் ஆர்.டி. 350 என்ற வண்டியை ஒப்பந்தம் செய்துகொண்டு, எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983-ல் இந்தப் பெயரில் இங்கே வெளியிட்டது. 347 சி.சி., டூ ஸ்ட்ரோக், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சிலிண்டர், ஆறு கியர். முதலில் வந்தவை 30.5 குதிரைத்திறன், பெட்ரோல் குடிக்கிறது என்ற புகார் எழுந்ததும் அதைக் குறைத்து 27 குதிரைத்திறன் ஆக்கினார்கள். முதல் வகையை ஹெச்.டி. என்றும் இரண்டாவதை எல்.டி. என்றும் இன்றும் பிரியர்கள் பிரித்துச் சொல்வார்கள். அன்றைய புல்லட் 350-க்கு 18 குதிரைத்திறன் என்பதை நினைத்துப் பார்த்தால் இது எப்பேர்ப்பட்ட வண்டி என்று புரியும். ஆனால் லிட்டருக்கு 60, 70 கிலோமீட்டர் என்று விளம்பரம் வந்துகொண்டிருந்த காலத்தில் 20, 25 கொடுக்கும் வண்டியை யார் வாங்குவார்கள்? எண்பதுகளின் முடிவோடு உற்பத்தியும் முடிந்தது.

என் அண்ணன் வாங்கினார். 1986-ல், சென்னையில், எல்.டி. வகை. அவர் காலமான பிறகு அந்த வண்டி சில ஆண்டுகள் சாக்கு போர்த்திக் கிடந்து, பிறகு அண்ணியும் அண்ணன் மகனும் பெங்களூருக்குக் குடிவந்தபோது லாரியில் சாமான்களோடு சாமானாக இங்கே வந்து சேர்ந்தது. (வேறு மாநில வண்டிக்குத் தடையில்லாச் சான்று, ஆயுள் வரி, மறுபதிவு என்று அலைந்த கதையை நம் உறுப்பினர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, ஆளுக்கொன்று வைத்திருப்பீர்கள்.) 2025 ஆடியில் எங்கள் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைப்பதென்று முடிவானது. கோயில் வேலூருக்கு அப்பால். பையன் ஒரே பிடியாக நின்றான்: அப்பா வண்டியில்தான் ஊருக்கு வருவேன். அண்ணி அவனிடம் ஒன்றும் வாதாடவில்லை. "உன் சித்தப்பா பாத்துட்டுப் போலாம்னு சொன்னா போ. இல்லைன்னா எங்களோட கார்ல வா" என்று சொல்லிவிட்டு என் பக்கம் தள்ளிவிட்டார்.

பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றின் டூல் ரூமில் முப்பது வருடம் வேலை பார்த்தவன் நான். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு என்பது எனக்குப் பழகிய சங்கதி. வண்டியைப் பார்த்ததும் எனக்குப் பட்ட கவலை கார்புரேட்டரைப் பற்றியதல்ல, பிளாக்கைப் பற்றியது. இந்த எஞ்ஜினுக்கு 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்று நான்கு ஓவர்சைஸ் பிஸ்டன் உண்டு. சிலிண்டர் தேய்ந்தாலோ பிஸ்டன் பிடித்துக்கொண்டாலோ ஒரு படி பெரிதாகப் போர் செய்து அடுத்த அளவு பிஸ்டன் போட வேண்டும். எங்கள் வண்டி ஏற்கெனவே 0.75-ல் நின்றது. அதாவது இன்னும் ஒரே ஒரு படிதான் பாக்கி. அந்த அளவு பிஸ்டனோ கடை கடையாகத் தேடினாலும் அகப்படவில்லை. வழியில் ஒரு முறை பிடித்துக்கொண்டால் வண்டி மறுபடி சாக்குக்குள் போக வேண்டியதுதான். அது வண்டிக்கு. ஓட்டுகிறவனுக்கு அதைவிடப் பெரிய ஆபத்து. எழுபது கிலோமீட்டர் வேகத்தில் பிஸ்டன் பிடித்தால் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். அந்த நொடியில் கிளட்சைப் பிடிக்கத் தவறினால் என்ன ஆகும் என்று நான் எழுத விரும்பவில்லை.

கார்புரேட்டருக்கும் பிஸ்டன் பிடிப்பதற்கும் என்ன சம்பந்தம்?

கெரசின் ஸ்டவ்வைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. காற்றுப் போதாவிட்டால் சுடர் மஞ்சளாகிப் புகையும், பாத்திரத்தின் அடி கரியாகும். காற்றும் எண்ணெயும் சரியாகச் சேர்ந்தால் நீலமாக எரியும். எஞ்ஜினிலும் அதே கணக்கு. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். பெட்ரோல் கூடினால் புகை, கரி, வேகக் குறைவு. அவ்வளவுதான், பெரிய கெடுதல் இல்லை. பெட்ரோல் குறைந்தால்தான் வினை. எரிப்பு சூடேறுகிறது. டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோல்தான் பிஸ்டன் தலையைக் கொஞ்சம் குளிர்விக்கிறது, எண்ணெயும் அந்தக் கலவையோடுதான் உள்ளே போகிறது. சூட்டில் பிஸ்டன் பருத்து, சிலிண்டர் சுவரோடு உராய்ந்து, ஒட்டிக்கொள்கிறது. மெக்கானிக்குகள் இந்த இரண்டு நிலைகளையும் ரிச், லீன் என்பார்கள். நானும் இனி அப்படியே எழுதுகிறேன்.

கார்புரேட்டர் என்பது உண்மையில் ஒரு சின்னக் குழாய். நடுவில் தொண்டை போல ஒரு குறுகல். எஞ்ஜின் காற்றை உறிஞ்சும்போது அந்தக் குறுகலில் காற்று வேகமெடுக்கிறது. வேகமெடுத்த இடத்தில் அழுத்தம் குறைகிறது. கீழே உள்ள கிண்ணத்திலிருந்து பெட்ரோல் மேலேறித் தூவானமாகக் கலக்கிறது. கிண்ணத்தில் எப்போதும் ஒரே மட்டம் நிற்க மிதவை ஒன்று. நம் வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டியில் இருக்கிறதே, அதே தத்துவம். நாம் ஆக்சிலேட்டரைத் திருகும்போது ஸ்லைடு என்ற உருளை மேலேறி வழியைத் திறக்கிறது. அதன் அடியில் கூரான ஊசி ஒன்று தொங்கும்.

இந்தச் சின்னக் குழாய்க்குள் ஒன்றல்ல, நான்கு அதிகாரிகள். ஆக்சிலேட்டர் மூடியிருக்கும்போதும் எட்டில் ஒரு பங்கு திறக்கும் வரையிலும் ஸ்லோ ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும் ஆட்சி செய்கின்றன. அதற்குமேல் கால் பங்கு வரை ஸ்லைடின் வாய்வெட்டு. கால் முதல் முக்கால் வரை ஊசி. முக்காலுக்கு மேல் மெயின் ஜெட். இதைத் தெரிந்துகொள்ளாமல் ஏர் ஸ்க்ரூவை எத்தனை திருகு திருகினாலும் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் வருகிற கோளாறு தீராது. ஒரு மேசைக்குப் போக வேண்டிய மனுவை வேறு மேசையில் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிற மாதிரிதான் அது.

வண்டியைச் சிவாஜிநகர்ப் பக்கம் ஒரு சந்தில் இருக்கும் மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். எழுபதை நெருங்கும் மனிதர். பூர்வீகம் வாணியம்பாடி, தமிழ், உருது, கன்னடம் மூன்றிலும் வைவார். நான் அவரைப் பாய் என்றே அழைப்பது. ராஜ்தூத் 350 புதிதாக வந்த நாளிலிருந்து அதில் கை வைத்தவர். அண்ணன் மகன் ஆர்வமாகக் கார்புரேட்டர்களைக் காட்டியதும் அவர் கையை அமர்த்தினார்.

"கார்புரேட்டர் எங்கயும் ஓடிப்போகாது தம்பி. மொதல்ல கரண்டு. அப்புறம் காத்து. கடைசியிலதான் பெட்ரோல்."

இந்த வரிசையை நான் மிகவும் ரசித்தேன். இரட்டைச் சிலிண்டர் என்பதால் பிளாட்டினம் பாயிண்டும் இரண்டு ஜோடி. ஒன்று சீக்கிரம் பொறி விட்டு மற்றது தாமதித்தால், கார்புரேட்டரை எப்படிச் சரி செய்தாலும் இரண்டு பக்கமும் ஒத்துப்போகாது. பிஸ்டன் உச்சிக்கு வர 2 மி.மீ. இருக்கும்போது பொறி விழ வேண்டும் என்பது ஆர்.டி. 350-இன் கணக்கு. பிளக் துளையில் டயல் கேஜை நிறுத்தி அதை அளந்தோம். என் பழைய டயல் கேஜுக்கு ஓய்வுக்குப் பின் கிடைத்த முதல் உத்தியோகம். இடது பக்கம் சரி. வலது பக்கம் சற்றுப் பிந்தியிருந்தது, திருத்தினோம்.

அடுத்தது காற்று. கார்புரேட்டருக்கும் எஞ்ஜினுக்கும் நடுவிலுள்ள ரப்பர் குழாய்கள், கிராங்கின் இரு முனையிலும் உள்ள ஆயில் சீல்கள், இவற்றில் மயிரிழை விரிசல் இருந்தாலும் கணக்கில் வராத காற்று உள்ளே போகும். அது கலவையை லீன் ஆக்கும். நாற்பது ஆண்டு ரப்பர் எப்படி இருக்கும்? ரப்பர், சீல் எல்லாமே மாற்றியாயிற்று. ஏர் ஃபில்டரைக் கழுவிக் காயவைத்து மாட்டினார். அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டினால் சத்தம் கம்பீரமாக இருக்கும் என்று சில இளைஞர்கள் செய்வதுண்டு. அதுவும் லீன் பக்கம் தள்ளுகிற காரியம்தான்.

பிறகுதான் கார்புரேட்டர்களைக் கழற்றினார். இரண்டும் மிக்குனி. ஜப்பானிய நிறுவனம், 1985-ல் மறைமலை நகரில் அதன் கூட்டோடு யூக்கால் நிறுவனம் தொடங்கிய பிறகு இந்தப் பெயர் நம் பக்கத்துத் தொழிலாளர்களுக்கும் அறிமுகமானது. கிண்ணத்தின் அடியில் பச்சை நிறத்தில் பிசின் உறைந்திருந்தது. ஜெட்டுகள் பித்தளை. அவற்றின் துளையைக் கம்பியால் குத்தக் கூடாது என்பதில் பாய் கண்டிப்பு. துளையின் அளவுதான் ஜெட்டின் உயிர். கம்பி கீறினால் மேலே பொறித்திருக்கும் எண்ணுக்கு அர்த்தமில்லாமல் போகும். கரைசலில் ஊறவைத்து, காற்றழுத்தத்தால் ஊதி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். இரண்டு மிதவைகளையும் ஒரே மட்டத்துக்கு வைத்தார்.

இப்போது முக்கியமான வேலை: இரண்டையும் ஒன்றாக மூச்சுவிட வைப்பது.

ஆக்சிலேட்டரிலிருந்து வரும் ஒரே கேபிள் வழியில் மூன்றாகப் பிரிகிறது. இரண்டு கிளை கார்புரேட்டர்களுக்கு, மூன்றாவது எண்ணெய்ப் பம்புக்கு. இந்த வண்டியில் பெட்ரோலோடு எண்ணெயைக் கலந்து ஊற்ற வேண்டியதில்லை. தனித் தொட்டியிலிருந்து பம்பு அளந்து அனுப்பும். ஆக ஒரு திருகில் மூன்று காரியம் ஒத்து நடக்க வேண்டும். பாய் முதலில் இரண்டு ஐடிலிங் ஸ்க்ரூக்களையும் தளர்த்தி ஸ்லைடுகள் முழுதும் கீழே உட்காரும்படி செய்தார். ஒரே அளவுள்ள இரண்டு டிரில் பிட்டுகளை எடுத்து, வால் பக்கமாக ஒவ்வொரு ஸ்லைடின் அடியிலும் ஒன்று செருகினார். ஸ்லைடுகள் அவற்றின்மேல் படுத்திருந்தன. பையனை ஆக்சிலேட்டரை மெதுவாக, மிக மெதுவாகத் திருகச் சொன்னார். வலது பிட் முதலில் தளர்ந்து ஆடியது. இடது இன்னும் இறுக்கமாக இருந்தது. இடது கேபிளின் அட்ஜஸ்டரை அரைச் சுற்று திருகி, மறுபடி, மறுபடி. ஏழெட்டு முறைக்குப் பிறகு இரண்டு பிட்டும் ஒரே கணத்தில் நெகிழ்ந்தன. கேஜ் வேண்டாம், மீட்டர் வேண்டாம். டூல் ரூமில் நாங்கள் இதைவிடச் சிக்கலான முறைகளில் இதைவிட மோசமான அளவுகள் எடுத்திருக்கிறோம்!

கேபிள் சரியான பிறகு எண்ணெய்ப் பம்பின் சக்கரத்தில் உள்ள கோடு, கையேட்டில் சொன்ன நிலையில் ஊசிக்கு நேரே நிற்கிறதா என்று பார்த்தார். கார்புரேட்டரைச் சரிசெய்கிற பலர் மறப்பது இதைத்தான். கேபிளைத் தொட்டால் பம்பையும் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்லைடு திறக்கும், எண்ணெய் பிந்தி வரும்.

பிறகு ஐடிலிங். எஞ்ஜினை நன்றாகச் சூடேற்றி, வலது பிளக் தொப்பியைக் கழற்றி ஒரு உபரி பிளக்கில் மாட்டி எஞ்ஜின் உடம்போடு தொட வைத்தார். தொப்பியைச் சும்மா தொங்க விட்டால் காயிலுக்கு ஆகாது. இடது சிலிண்டர் மட்டும் நொண்டியபடி ஓடியது. ஏர் ஸ்க்ரூவை மென்மையாக முழுதும் மூடி ஒன்றரைச் சுற்று திறப்பது தொடக்கம். அங்கிருந்து கால் சுற்று இப்படியும் அப்படியும் திருகி எஞ்ஜின் எங்கே அதிகம் துடிக்கிறதோ அங்கே நிறுத்தி, ஐடிலிங் ஸ்க்ரூவால் வேகத்தைக் குறைத்தார். இதை நீட்டி முழக்கிச் செய்யக் கூடாது. பொறியில்லாத பக்கத்தில் பெட்ரோல் சேர்ந்து பிளக் நனைந்துவிடும். அப்படியே மறுபக்கமும். இரண்டு தொப்பிகளையும் மாட்டியதும் வேகம் எகிறியது; இரண்டு ஐடிலிங் ஸ்க்ரூவையும் ஒரே அளவு வெளியே திருகி இறக்கினார். சைலன்சர்கள் இரண்டிலும் உள்ளங்கையைக் காட்டிப் பார்த்தேன். ஒரே அழுத்தத்தில் சூடான காற்று தட்டியது.

இதுவரை எல்லோரும் ஒருமித்து இருந்தோம். தகராறு மெயின் ஜெட்டில் வந்தது.

சென்னையிலிருந்து இங்கே குடிவந்த புதிதில் பருப்பு சரியாக வேகவில்லை என்று நம் வீடுகளில் பேச்சு வருமே, நினைவிருக்கிறதா? பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் சென்னையைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். மோட்டார் சைக்கிளுக்கும் அதே மெல்லிய காற்றுதான். கார்புரேட்டருக்குள் காற்றின் எடை குறைகிறது, பெட்ரோல் அந்த அளவுக்குக் குறைவதில்லை. கணக்குப் போட்டால் கலவை நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் ரிச் ஆகும். அதனால் பெங்களூரில் மெயின் ஜெட்டைச் சின்னதாகப் போட வேண்டும் என்பது பழைய வண்டிப் பிரியர்களின் வேதவாக்கு. பையனின் நண்பர்களும் அதையே சொல்லியிருந்தார்கள். இரண்டு எண் சின்ன ஜெட்டுகளை ஜே.சி. ரோடில் வாங்கிச் சட்டைப் பையில் வைத்திருந்தான்.

பாய் மறுத்தார். "அது அந்தக் காலத்து பெட்ரோலுக்கு" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்ன காரணம். மீதிக் கணக்கை நான் வீட்டில் உட்கார்ந்து போட்டேன்.

20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலைப் பிரதமர் 2023 பிப்ரவரி 6 அன்று அறிமுகம் செய்தது நம் பெங்களூரில்தான். 2025-க்குள் அது நாடு முழுவதும் பரவிவிட்டது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. அதனால் ஒரு கிலோ எத்தனால் எரிய 9 கிலோ காற்றே போதும். ஐந்தில் ஒரு பங்கு அப்படிப்பட்ட சரக்கு கலந்தால், அதே ஜெட் வழியாக அதே அளவு போனாலும், கலவை நூற்றுக்கு எட்டு பங்கு அளவில் லீன் ஆகிறது. புதிய வண்டிகளில் கம்ப்யூட்டர் இதைக் கண்டுகொண்டு சரி செய்துகொள்ளும். பித்தளைத் துளைக்கு என்ன தெரியும்? ஆக, மேட்டு நிலம் ஐந்து பங்கு ரிச் ஆக்கினால் எத்தனால் எட்டு பங்கு லீன் ஆக்குகிறது. ஜெட்டைச் சின்னதாக்கிச் செய்ய வேண்டிய வேலையைப் பெட்ரோல் பங்கே செய்து முடித்து, அதற்கு மேலும் செய்துவிட்டது.

இதோடு போகவில்லை. நாங்கள் போக வேண்டியது கீழே. ஓசூர் வரை மேட்டு நிலம். சூளகிரி தாண்டிக் கிருஷ்ணகிரி நோக்கிச் சாலை இறங்குகிறது. வாணியம்பாடி, ஆம்பூர் என்று இறங்கி வேலூரை அடையும்போது சுமார் 220 மீட்டர்தான் உயரம். மேட்டு நிலம் தந்த ஐந்து பங்கு ரிச்சில் பெரும்பகுதி வழியிலேயே கழிந்துவிடும்; எட்டு பங்கு லீன் மட்டும் மிஞ்சும். வேலூர் வெயிலில் காற்று கொஞ்சம் லேசாவதால் கணக்கில் சிறிது சரிக்கட்டும் என்பது உண்மை. ஆனால் காற்றால் குளிரும் எஞ்ஜினுக்கு அந்த வெயிலே தனிச் சோதனை. பெங்களூரில் கச்சிதமாகச் சரிசெய்த வண்டி, ஆம்பூர் நேர்சாலையில் முழு ஆக்சிலேட்டரில் போகும்போதுதான் பிடித்துக்கொள்ளும்.

பையன் நம்பவில்லை. நம்ப வேண்டியதுமில்லை, பரீட்சித்துப் பார்த்துவிடலாமே. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஓசகோட்டைக்கு அப்பால் பழைய மதராஸ் சாலையில் மூன்று ஜோடி ஜெட்டுகளோடு போனோம். முறை இதுதான்: எஞ்ஜின் சூடேறிய பின் புதுப் பிளக் மாட்டி, முழு ஆக்சிலேட்டரில் கொஞ்ச தூரம் ஓட்டி, அதே நிலையில் எஞ்ஜினை அணைத்துக் கிளட்சைப் பிடித்து ஓரம் கட்ட வேண்டும். ஐடிலிங்கில் ஓடவிட்டால் சாட்சி அழிந்துவிடும். பிளக்கைக் கழற்றி உள்ளே உள்ள பீங்கானின் நிறத்தைப் பார்க்க வேண்டும். காபிக் கொட்டை வறுபட்ட இளம்பழுப்பு நல்லது. கரி பிடித்தால் ரிச். வெளுத்திருந்தால் லீன்.

சின்ன ஜெட்டில் வண்டி பறந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பையன் முகமெல்லாம் பல். பிளக்கைக் கழற்றினால் பீங்கான் அரிசிமாவு மாதிரி வெளுத்திருந்தது. கம்பெனி ஜெட்டில் இளம்பழுப்பு, அதிலும் வெளுப்புப் பக்கம் சாய்ந்த பழுப்பு. இரண்டு எண் பெரிய ஜெட்டில் நல்ல அடர்பழுப்பு. ஆனால் முழு ஆக்சிலேட்டரில் எஞ்ஜின் சற்று இருமியது, வேகமும் கொஞ்சம் மட்டுப்பட்டது.

"கம்பெனி ஜெட்டே போதும் சித்தப்பா, இங்க சரியாத்தானே இருக்கு" என்றான்.

இங்கே சரி. கீழே? நான் பெரிய ஜெட் என்று சொல்லிவிட்டேன். லீன் ஆகும்போது எஞ்ஜின் முதலில் உற்சாகமாகத்தான் ஓடும், அதுதான் அதிலுள்ள சூது. பாய் பெரிய ஜெட்டைப் போட்டதோடு ஊசியின் கிளிப்பையும் ஒரு பள்ளம் கீழே இறக்கினார். கிளிப் இறங்கினால் ஊசி மேலேறும், நடு ஆக்சிலேட்டரில் பெட்ரோல் கூடும். நெடுஞ்சாலையில் பெரும்பாலும் கை நிற்பது அந்த நடுப்பகுதியில்தான். ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று உள்ளே. மிக்குனியில் உள்ளே திருகினால் ரிச். சில வகைக் கார்புரேட்டர்களில் இது நேர் எதிர். ஸ்க்ரூ காற்று வரும் பக்கம் இருக்கிறதா, எஞ்ஜின் பக்கம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு கை வைக்க வேண்டும்.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு எத்தனாலைப் பற்றி இன்னொன்று. அது ஈரத்தை இழுக்கும். வாரக்கணக்கில் வண்டியை நிறுத்துவதானால் டாப்பை மூடி, கிண்ணத்தில் உள்ள பெட்ரோலை வடித்துவிடுங்கள். அப்படியே விட்டால் கிண்ணத்தில் வெள்ளைப் பொடி பூக்கும், பழைய ரப்பர் ஊதும். பெட்ரோல் டியூபையும் எத்தனால் தாங்கும் வகையாக மாற்றிவிடுவது நல்லது. செலவு சொற்பம்.

ஆடி மூன்றாம் வாரம் புறப்பட்டோம். பையன் வண்டியில், அண்ணியும் நானும் பின்னால் காரில். நிபந்தனைகள் மூன்று போட்டிருந்தேன். 70-க்கு மேல் போகக் கூடாது. இடது கையின் இரண்டு விரல் எப்போதும் கிளட்ச் மேல் இருக்க வேண்டும். எஞ்ஜின் திடீரென்று இறுகுகிற மாதிரி தோன்றினால் யோசிக்காமல் பிடிக்க வேண்டும். இறக்கத்தில் ஆக்சிலேட்டரை முழுதும் மூடி உருட்டக் கூடாது; கை மூடினால் எண்ணெயும் ஒடுங்கும், எஞ்ஜின் மட்டும் வேகமாகச் சுழன்றுகொண்டிருக்கும். இடையிடையே சற்றே திறந்துவிட வேண்டும். ஓசூர் வரை நீலப் புகை விட்டுக்கொண்டு போனான். பின்னால் வந்த கார்க்காரர்கள் திட்டியிருப்பார்கள்.

கிருஷ்ணகிரியில் நிறுத்தி இரண்டு பிளக்கையும் கழற்றினேன். இடது பக்கம் நல்ல பழுப்பு. வலது பக்கம் ஒரு சாயல் வெளுத்திருந்தது. ஜெட் ஒன்று, ஊசி நிலை ஒன்று, பிறகு ஏன் வித்தியாசம்? பாய் சொன்ன வரிசைப்படி முதலில் கரண்டு: பாயிண்ட் அசையவில்லை. அடுத்து காற்று: வலது கார்புரேட்டரை ரப்பரோடு பிடிக்கும் கிளாம்பின் ஸ்க்ரூ அதிர்வில் தளர்ந்திருந்தது. புது ரப்பர் சூட்டில் படிந்து இளகியதால் வந்தது. அரைச் சுற்று முறுக்கினேன். அண்ணி காரிலிருந்து இறங்கிவந்து ஓடும் எஞ்ஜினுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். "இந்தச் சத்தம்தான்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. வாணியம்பாடியில் மறுபடி பார்த்தபோது இரண்டு பிளக்கும் ஒரே நிறம்.

பெங்களூரிலிருந்து வேலூர் வரை சுமார் 210 கிலோமீட்டர். 9 லிட்டர் பெட்ரோல் போனது. லிட்டருக்கு 23 கிலோமீட்டர் சொச்சம். பெரிய ஜெட்டோடு இது மோசமில்லை. திரும்பி வந்ததும் பாய் கம்பெனி ஜெட்டுகளை மாட்டிவிட்டு, பெரியவற்றை ஒரு மாத்திரைப் பட்டையில் சுற்றி ஸீட்டுக்கு அடியில் வைத்துத் தந்தார். கீழே இறங்கும்போதெல்லாம் ஓசூரில் நிறுத்தி மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது அவர் உத்தரவு. பையனுக்கு இப்போது அதற்கு இருபது நிமிடம்தான் ஆகிறது.

ராஜ்தூத் 350-க்கான 1.00 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன், வளையங்களோடு, ஒரு ஜோடி இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம். நம் உறுப்பினர்கள் யார் வீட்டுப் பரணிலாவது, ஊரில் மூடிவிட்ட பழைய ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலாவது இருந்தால் சங்க அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லிவைக்கவும். பெட்டி கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. வளையங்களில் துரு இருக்கக் கூடாது.